இடக்கைப் பாடம்

குணலட்சுமி தாதி வேலை பழகப் போன முதல் நாளே அவளுடைய பெயர் பறிபோயிற்று.

அது முப்பத்தாறாம் ஆண்டு, பங்குனி மாதம். மயிலிட்டிக்குக் கிழக்கே, பனங்கூடல் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாத்திரமான சிறிய ஆஸ்பத்திரி. நோயாளிகள் படுக்கிற ஒரு நீளமான வாட்டு, பக்கத்தில் பிள்ளைப்பேற்று வாட்டு, பின்னால் கிணற்றடி, அதற்கும் பின்னால் கடல். நெல்லியடியிலிருந்து தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய குணலட்சுமிக்குத் தகப்பன் இல்லை. "ஊராற்றை பீமூத்திரம் அள்ளவோ உன்னைப் படிப்பிச்சு விட்டது?" என்று மாமன்மார் துள்ளிக் குதித்திருந்தார்கள். தாய் மட்டும் வேலிப் படலை வரை வந்து, "போட்டு வா மோனை. ஆனால் இடையிலை திரும்பி வந்தியெண்டால், உவையின்ரை வாய்க்கு மறுமொழி சொல்ல என்னாலை ஏலாது" என்று சொல்லி அனுப்பினாள்.

வாட்டு வாசலில் எஸ்தரம்மா நின்றார். அவர்தான் அங்கே மூத்த தாதி. புதிதாக வருகிற பெண்களைப் பழக்கி எடுப்பது அவர் பொறுப்பு. மெலிந்து உயர்ந்த மனுசி. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை; காலில் துணிச் சப்பாத்து. அதனால் அவர் நடந்து வருவது யாருக்கும் கேட்காது.

"வா, பத்மா," என்றார்.

குணலட்சுமி பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"என்ரை பேர் குணலட்சுமி, அம்மா."

"தெரியும்," என்றார் எஸ்தரம்மா. அவருடைய பார்வை அவள் முகத்தில் இல்லை. அவளுடைய தோளுக்குச் சற்று அப்பால், அதே உயரத்தில் வேறொருத்தி நிற்பதுபோல அங்கே பார்த்துக்கொண்டிருந்தார். "கையைக் கழுவிப்போட்டு வா, பத்மா."

வயதானவர், மறதியாக்கும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் எஸ்தரம்மாவுக்கு மறதி என்பதே இல்லை. எந்த நோயாளிக்கு எப்போது மருந்து, யார் எவ்வளவு கஞ்சி குடித்தாள், யாருடைய கட்டில் விரிப்பில் எந்த மூலையில் சுருக்கு விழுந்தது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். சுருக்கு விழுந்தால் விரிப்பை உருவி நிலத்தில் போடுவார். வாய் திறந்து ஏச மாட்டார். மறுபடி விரித்து முடியும் வரை பக்கத்தில் நிற்பார். அந்த நிற்பை விட ஏச்சே மேல் என்று குணலட்சுமிக்குத் தோன்றும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கை.

முதல் தடவை அவள் ஒரு கிழவிக்கு மருந்து ஊற்றிக் கொடுக்கப் போனபோது எஸ்தரம்மாவின் கையிலிருந்த மர அடிமட்டம் அவளுடைய வலக்கை விரல் மொழியில் விழுந்தது. "அந்தக் கை வேண்டாம்."

"அம்மா?"

"மற்றக் கை."

"நான் வலக்கைப் பழக்கம் அம்மா. இடக்கையாலை குடுத்தால் வாங்குவினமோ? குறையெல்லே நினைப்பினம்?"

"வாங்குவினம். குடு, பத்மா."

கிழவி உண்மையில் வாங்கினாள். ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல், பல காலம் அப்படி வாங்கிப் பழகியவள் போல. அன்றிலிருந்து மருந்து ஊற்றுவது, நாடி பார்ப்பது, விரிப்பை மடித்துச் செருகுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது எல்லாமே இடக்கையால்தான். வலக்கை தன்பாட்டில் முன்னால் போனால் அடிமட்டம் விழும். கொஞ்ச நாளில் வலக்கை பயந்து, சேலைக்குள் ஒளிந்துகொள்ளப் பழகிவிட்டது.

இவ்வளவு கடுமைக்கும் நடுவில் எஸ்தரம்மாவிடமிருந்து ஒரேயொரு மெதுவான வார்த்தை வரும். விடிய வாட்டுக்குள் வந்ததும் அவளருகே குனிந்து, குரலைத் தணித்துக் கேட்பார்.

"தலையிடிக்குதோ, பத்மா?"

"இல்லை அம்மா."

அவர் தலையை ஆட்டிவிட்டு நடப்பார். ஒரு நாளும் அந்தக் கேள்வி தவறியதில்லை. கேட்கிறபோது அவருடைய கண்ணில் இருந்தது பரிவா பயமா என்று குணலட்சுமிக்கு விளங்கவில்லை.

பிள்ளைப்பேற்று வாட்டில் வேலை பழகிக்கொண்டிருந்தவள் பாலேஸ்வரி. குணலட்சுமிக்கு முந்தி வந்தவள், கலகலப்பானவள். ஆனால் பத்மா என்ற பெயரை எடுத்தால் அவளும் அடங்கிப் போவாள். ஒரு பின்னேரம் கிணற்றடியில் துணி அலம்பிக்கொண்டிருந்தபோது குணலட்சுமி விடவில்லை.

"ஆர் அக்கா உந்தப் பத்மா?"

பாலேஸ்வரி வாட்டு யன்னலை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள். "பத்மாவதி. புத்தூர்ப் பிள்ளை. எஸ்தரம்மாட்டை வேலை பழகினவள். கெட்டிக்காரி. நெருப்புக்காய்ச்சல், அதுதான் டைபொயிட், வந்து செத்துப்போனாள்."

"இஞ்சையோ?"

"இஞ்சைதான். வாட்டுக் கரையிலை இருக்குதே சின்ன அறை, அதுக்குள்ளை." அவள் துணியைப் பிழிவதை நிறுத்தினாள். "அதுக்குப் பிறகு ஆர் வந்தாலும் எஸ்தரம்மாவுக்குப் பத்மாதான். உனக்கு முதல் கமலாவதி எண்டு ஒருத்தி வந்தவள். களைச்சுப்போன ஒருநாள், கொஞ்சம் படுக்கலாமெண்டு நினைச்சு, தலையிடிக்குது எண்டு சொல்லிப்போட்டாள். எஸ்தரம்மா அவளைச் சின்ன அறையிலை கொண்டுபோய்ப் படுத்தினவ. தலைமயிரைக் கத்தரிச்சுப்போட்டா. யன்னலுக்கெல்லாம் ஈரச் சீலை. பார்லித் தண்ணியைத் தவிர ஒண்டுமில்லை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லையெண்டு அவள் அழுதாள், கத்தினாள். இவ கதவடியிலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தவ. டொக்ரரம்மா அந்த நேரம் நுவரெலியாவிலை. கடைசியிலை தேப்பன் வந்து வண்டியிலை ஏத்திக்கொண்டு போனார். போகேக்கை அவள் நடக்கமாட்டாமல் போனாள். காய்ச்சலே இல்லாத பிள்ளை."

"டொக்ரரம்மா வந்து ஒண்டும் கேக்கேல்லையோ?"

"எஸ்தரம்மா இல்லாட்டி இந்த ஆஸ்பத்திரி இல்லை. என்னத்தைக் கேக்கிறது?" பாலேஸ்வரி வாளியைத் தூக்கிக்கொண்டாள். "நீ என்ன வந்தாலும் ஓம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை."

சித்திரை பிறந்ததும் வெள்ளைக்கார டொக்ரரம்மா வழக்கம்போல மலைநாட்டுக்குப் போய்விட்டார். வெயில் ஏறியது. பகல் நேரத்தில் வாட்டு முழுவதும் ஒரு வெள்ளை வெளிச்சத்தில் கிடந்தது. கடலும் பனையோலையும் ஒரே மாதிரிச் சத்தம் போட்டன. எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாது. நோயாளிகள் மயங்கிக் கிடக்கிற அந்த மத்தியான நேரத்தில்தான் குணலட்சுமி சில விஷயங்களைக் கவனிக்கத் தொடங்கினாள்.

பார்வையில்லாத ஒருத்தி, காலில் புண்ணோடு மறுபடி வந்து சேர்ந்திருந்தாள். குணலட்சுமி கட்டை அவிழ்த்தபோது அவள் முகம் மலர்ந்தது. "போன முறையும் நீதானே பிள்ளை கட்டிவிட்டனி. உந்தக் கை எனக்குத் தெரியும்."

"இல்லை அம்மா, நான் இப்பதான் வந்தனான்."

"எனக்குக் கண்தான் இல்லை," என்று அவள் சிரித்தாள். "சின்னவிரலைத் தூக்கி வைச்சுக்கொண்டு கட்டுறது நீதான்."

குணலட்சுமி குனிந்து பார்த்தாள். அவளுடைய இடக்கைச் சின்னவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியே தூக்கி நின்றது. அப்படிச் செய்யச் சொல்லி எஸ்தரம்மாகூடச் சொல்லித் தந்ததில்லை.

கூட்டுகிறவள், சமையற்காரி, நோயாளிகளுக்குச் சாப்பாடு கொண்டு வருகிற சொந்தக்காரர், எல்லோருக்கும் அவள் பத்மாப் பிள்ளை ஆகிவிட்டாள். தொடக்கத்தில் திருத்தினாள். பிறகு விட்டுவிட்டாள். ஒரு நாள் பாலேஸ்வரி முற்றத்தில் நின்று "குணம்! குணம்!" என்று கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்குக் கேட்டது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு துணி மடித்தாள். பாலேஸ்வரி வந்து தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் அது தன்னுடைய பெயர் என்று உறைத்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தாள். மாமன்மாரின் சிரிப்பும், படலையடியில் தாய் நின்ற நிலையும் கண்ணில் வந்தன. போக முடியாது. இங்கேயே இருக்கத்தான் வேண்டும். இருப்பதென்றால், தன் தலைமேல் கட்டிவைக்கப்பட்டிருக்கிற அந்தப் பிள்ளை யார் என்று தெரிந்தாக வேண்டும்.

வைகாசியில் அவளுக்கு ஒரு நாள் லீவு கிடைத்தது. மாட்டுவண்டியில் புத்தூர்ச் சந்தி வரை வந்தாள். அங்கிருந்து பருத்தித்துறை பஸ் பிடித்தால் நெல்லியடி. ஆனால் பஸ் வந்தபோது அவள் ஏறவில்லை. பத்மாவதியின் வீட்டைக் கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தாள். யாரிடம் கேட்பது என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கையில் கால் நடக்கத் தொடங்கிவிட்டது. செம்மண் ஒழுங்கை ஒன்று, அதற்குள் இன்னொன்று, வெங்காயத் தோட்டத்தை ஒட்டி ஒரு திருப்பம். வழியில் ஒருவரையும் அவள் கேட்கவில்லை. ஒரு கிடுகு வேலிக்கு முன்னால் நின்றபோதுதான், நான் எப்படி இங்கே வந்தேன் என்ற கேள்வி அவளுக்கு எழுந்தது. பாலேஸ்வரி எப்போதாவது வழி சொல்லியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாலேஸ்வரி புத்தூருக்கு வந்ததே இல்லை.

முற்றத்தில் ஒரு பெண் வெங்காயத்தைக் காய விட்டுக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு, நிமிராமலே, "வெயிலுக்குள்ளாலை வந்தனியோ? காலைக் கழுவிப்போட்டு வா," என்றாள். பிறகு நிமிர்ந்தாள். கையிலிருந்த கடகம் நழுவி வெங்காயம் உருண்டது.

"ஆர் பிள்ளை நீ?"

குணலட்சுமி சொன்னாள். பெயர், ஊர், ஆஸ்பத்திரி எல்லாம். அந்தப் பெண் பத்மாவதியின் தாய் மீனாம்பிகை. அவள் குணலட்சுமியின் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடை அவளின்ரை நடை," என்றாள் கடைசியில். "அதுதான் ஏமாந்துபோனன்."

"பத்மா அக்கா இடக்கைப் பழக்கமோ அம்மா?"

"பிறந்ததிலையிருந்து. பள்ளிக்கூடத்திலை அடிச்சும் மாறேல்லை. ஆஸ்பத்திரியிலை அந்த மனுசி மாத்திப்போட்டுது." மீனாம்பிகையின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "இடக்கையாலை மருந்து குடுத்தால் சனம் வாங்காதெண்டு, மொழியெல்லாம் வீங்க வீங்க அடிச்சது. வீட்டை வந்தால் சோத்தைக்கூட வலக்கையாலை பிசைஞ்சு பிசைஞ்சு பழகுவாள் என்ரை பிள்ளை. பிறகு தலையிடி எண்டிருக்கிறாள். சாட்டுச் சொல்லாதை எண்டு அந்த மனுசி நாள் முழுக்கக் கிணத்தடியிலை சீலை தோய்க்க விட்டிருக்குது. வருத்தத்தோடை நிண்டு தோய்ச்சிருக்கிறாள். விழுந்த பிறகுதான் காய்ச்சல் பாத்தவையாம். அதுக்குள்ளை குடல் ஓட்டையாய்ப் போச்சுதெண்டு டொக்ரரம்மா சொன்னா."

இடக்கைக்காரியை வலக்கைக்கு அடித்து மாற்றிய மனுசி, இப்போது வருகிற பிள்ளைகளையெல்லாம் இடக்கைக்கு அடிக்கிறார். செத்தவளுக்குக் கொடுக்க மறுத்ததையெல்லாம், இருக்கிறவர்களின் உடம்பில் கொண்டுவந்து கொடுக்கிறார்.

"அந்த மனுசி இஞ்சை வந்ததோ அம்மா?"

"வந்தது. படலையைத் திறக்கேல்லை நான்."

அன்று அவள் நெல்லியடிக்குப் போகவில்லை. வெயில் சாய முந்தியே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். புத்தூருக்குப் போனதைப் பாலேஸ்வரிக்கு மட்டும் சொன்னாள். வண்டியில் வரும்போதே நெற்றியின் இரண்டு பக்கமும் விண்விண் என்று தெறித்தது. வெயில்தான், வேறொன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் தெறித்தது. அதற்கு அடுத்த நாளும். சோறு கசந்தது. விரிப்பை உதறும்போது கண்ணுக்குள் பூச்சி பறந்தது. விடிய எஸ்தரம்மா குனிந்து கேட்பார். அவள் இல்லை என்பாள். கமலாவதியின் கத்தரித்த தலை நினைவுக்கு வரும்.

அப்படியே சில நாள் ஓடிற்று. ஒரு காலை, வாட்டு யன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன. தென்மேற்கிலிருந்து சோளகக்காற்று உள்ளே புகுந்து சீலைகளைத் தூக்கியது. எஸ்தரம்மா சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றார்.

"தலையிடிக்குதோ, பத்மா?"

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று குணலட்சுமி தீர்மானித்திருந்தாள். நான் பத்மா இல்லை அம்மா, குணலட்சுமி. என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கோ, என் கையால் வேலை செய்ய விடுங்கோ. இரவெல்லாம் இந்தச் சொற்களை அடுக்கி வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

"ஓம் அம்மா, இடிக்குது," என்று அவள் வாய் சொன்னது. "அண்டைக்கும் இடிச்சது. நான் சொன்னனான். சாட்டெண்டு சொன்னியள்."

பக்கத்துக் கட்டில்களில் முனகல் நின்றது. நோயாளியின் கட்டிலில் தாதி உட்காரக்கூடாது என்று அடித்துச் சொல்லித் தந்த எஸ்தரம்மா, மெல்லக் கையால் தடவிப் பார்த்து, அருகில் இருந்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"பிறகு?" என்று கேட்டார். சிறு பிள்ளையின் குரல்.

"துலாவிலை தண்ணி அள்ள எனக்குக் கை ஏறேல்லை. தோய்க்கிற கல்லிலை கன்னத்தை வைச்சுக்கொண்டு படுத்தனான். கல்லு குளிர்ந்து கிடந்தது. அங்கையிருந்து உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான் அம்மா. நீங்களும் என்னைப் பாத்தியள். பாத்துப்போட்டு யன்னலைச் சாத்தினியள்."

குணலட்சுமிக்குத் தன் குரல் கேட்டது. நிறுத்த வேண்டும் என்று நினைத்தாள். அது வேறு யாரோ பக்கத்து அறையில் கதைப்பது போலிருந்தது. போய் நிறுத்துவதற்குக் கதவு தெரியவில்லை. அவளுடைய இடக்கை, சின்னவிரல் தூக்கியபடி, எஸ்தரம்மாவின் நெற்றியைத் தொடப் போனது. தொட்டதா என்பது அவளுக்குத் தெரியாது. நிலம் எழும்பி வந்து அவளை மோதியது.

கண் விழித்தபோது சின்ன அறைக்குள் கிடந்தாள். யன்னலில் ஈரச் சீலை. தலையைத் தடவினாள், மயிர் இல்லை. கதவடியில் கதிரை. கதிரையில் வெள்ளைச் சேலை.

அவள் வீறிட்டாள். "என்னை விடுங்கோ! எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் வீட்டை போறன்!"

எஸ்தரம்மா எழுந்து வந்து அவளுடைய தோள்களைப் பிடித்துப் படுக்க வைத்தார்.

"உனக்கு நெருப்புக்காய்ச்சல்," என்றார். "மெய்யான காய்ச்சல். எழும்பாதை. எழும்பினால் குடல் வெடிச்சுப்போகும். அசையாமல் கிட, குணலட்சுமி."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் அழத் தொடங்கினாள். எவ்வளவு நேரம் அழுதாள் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவளுக்கு முழுதாக நினைவில் இல்லை. கரண்டியால் வாய்க்குள் இறங்குகிற பார்லித் தண்ணி, உடம்பை ஒற்றி எடுக்கிற ஈரத்துணி, புரட்டிப் படுக்க வைக்கிற பலமான கை. எப்போது கண் திறந்தாலும் கதிரையில் எஸ்தரம்மா இருந்தார். சில நேரம் அவர் தாழ்ந்த குரலில் யாருடனோ கதைத்துக்கொண்டிருப்பார். "இவளை விடு. நீ என்னோடை இரு. இவள் ஆற்றையோ பிள்ளை," என்பார். கொஞ்சம் பொறுத்து, மறுமொழி கேட்டவர்போலத் தலையை ஆட்டுவார். அறையில் அவர்கள் இருவரையும் தவிர வேறு யாரும் இல்லை. பாலேஸ்வரி பிறகு சொன்னாள், அந்த வாரங்களில் எஸ்தரம்மா ஒழுங்காகப் படுக்கவில்லையென்று. சின்ன அறைக்குள் வேறு எவரையும் விடவுமில்லையென்று.

டொக்ரரம்மா மலைநாட்டிலிருந்து வந்து பார்த்தார். இந்த வருத்தத்தை இவ்வளவு கச்சிதமாகப் பராமரித்து அவர் கண்டதில்லையாம். பிள்ளை தப்பியது எஸ்தராலேதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காய்ச்சல் விட்டு, சாய்ந்து இருந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய ஒரு நாள் எஸ்தரம்மா கதிரையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டார்.

"நீ புத்தூருக்குப் போனனி. பாலேஸ்வரி சொன்னவள்."

"ஓம் அம்மா."

"அந்த மனுசி உனக்குக் கனக்கச் சொல்லியிருக்கும். அடிச்சதைச் சொல்லியிருக்கும், தோய்க்க விட்டதைச் சொல்லியிருக்கும். எல்லாம் மெய்தான். ஆனால் யன்னலைச் சாத்தினதை அவவுக்கு ஆர் சொன்னது?"

குணலட்சுமி கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கிணத்தடியிலை அவளைத் தவிர ஒரு குருவிகூட இல்லை. அவள் கல்லிலை தலையை வைச்சுக்கொண்டு என்னைப் பாத்தாள். வெயில் கண்ணிலை அடிக்குதெண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாத்தினன்." அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். "உனக்கு எப்பிடித் தெரியும் பிள்ளை?"

"எனக்குத் தெரியாது அம்மா. நான் சொல்ல நினைச்சது வேறை."

எஸ்தரம்மா தலையை ஆட்டினார். அதை முன்பே அறிந்தவர்போல இருந்தது அந்த ஆட்டல்.

குணலட்சுமி மறுபடி வாட்டுக்கு வந்தபோது எஸ்தரம்மா மாறிப்போயிருப்பார் என்று பாலேஸ்வரி எதிர்பார்த்தாள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. முதல் நாளே விரிப்பு உருவி நிலத்தில் விழுந்தது. "உது விரிச்ச வடிவோ? திருப்பி விரி." அடிமட்டம் மட்டும் கையில் இல்லை. எந்தக் கையால் விரிக்கிறாள் என்று அவர் பார்க்கவும் இல்லை. குணலட்சுமி வலக்கையை முன்னால் நீட்டினாள். அது மெலிந்து, பிறத்தியாரின் கைபோல இருந்தது. கோப்பையைப் பிடிக்கத் தடுமாறியது. அதைப் பழக்கி எடுக்க அவளுக்கு ஆவணி வரை சென்றது. பிழை விட்டால் எஸ்தரம்மா நிற்பார். அவள் இப்போது அந்த நிற்பைக் கண்டு நடுங்குவதில்லை. "இன்னொருக்கால் காட்டித் தாங்கோ அம்மா," என்று கேட்கப் பழகிக்கொண்டாள். கேட்டால் அவர் காட்டித் தந்தார். ஏசிக்கொண்டே காட்டித் தந்தார்.

புரட்டாதி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலய ஆராதனை முடிந்து வந்த எஸ்தரம்மா, சேலையைக்கூட மாற்றாமல், "என்னோடை புத்தூர் மட்டும் வாறியோ?" என்று கேட்டார். அவர் ஒருவரிடமும் எதையும் கேட்டு அவள் கண்டதில்லை.

சந்தியில் வண்டியை விட்டு இறங்கினார்கள். இந்தத் தடவை குணலட்சுமிக்கு வழி தெரியவில்லை. எந்த ஒழுங்கை என்று ஒரு கடைக்காரரைக் கேட்க வேண்டியிருந்தது. அதில் அவளுக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது.

படலை சாத்திக் கிடந்தது. எஸ்தரம்மா தட்டவில்லை. வெளியே, உச்சி வெயிலில், கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். வேலி இடுக்கில் மீனாம்பிகையின் சேலை தெரிந்தது. அவள் வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். மறுபடி வந்து பார்த்தாள்.

"நான் போய்க் கதைக்கட்டோ அம்மா?"

"வேண்டாம். நீ தள்ளி நில்."

குணலட்சுமி ஒழுங்கை முடக்கில் நின்ற பூவரசின் கீழே போய் நின்றாள். வெயில் மண்ணில் பட்டுக் கண்ணைக் குத்தியது. எஸ்தரம்மா நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு அவருடைய தலை மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தது. பக்கத்தில் நிற்கிற ஒருத்தி சொல்வதைக் கேட்பதற்காகக் குனிவதுபோல. அவருடைய உதடுகள் அசைந்தன. வலக்கை நீண்டு, காற்றில் எதையோ மெதுவாகப் பிடித்துக்கொண்டது. விரல் வைத்திருந்த விதத்தைக் கண்டதும் குணலட்சுமிக்கு விளங்கிற்று. அது நாடி பார்க்கிற பிடி.

படலை திறக்கிற சத்தம் கேட்டது. மீனாம்பிகை நின்றாள். கோபமாக ஏதோ சொல்லத்தான் அவள் வந்திருக்க வேண்டும். வாய் அதற்கான நிலையில் இருந்தது. ஆனால் அவளுடைய கண் எஸ்தரம்மாவின் கைக்குப் போயிற்று. கையிலிருந்து அதற்குப் பக்கத்திலிருந்த வெறும் வெளிக்குப் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது. அந்த முகம் குலைந்துபோனதை முடக்கிலிருந்தே குணலட்சுமி கண்டாள்.

"வெயிலுக்கை நிக்கவேண்டாம்," என்றாள் மீனாம்பிகை. "ரெண்டு பேரும் உள்ளுக்கு வாங்கோ."

அவள் பூவரசடியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எஸ்தரம்மா முதலில் விலகி வேறொருத்திக்கு வழிவிடுபவர்போல நின்று, அதன் பிறகு தானும் நுழைந்தார். படலை சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து பேச்சுக்குரல் வந்தது. எஸ்தரம்மாவின் குரல், தாயின் குரல், மறுபடி எஸ்தரம்மாவின் குரல். இடையிடையே இருவரும் சேர்ந்து பேச்சை நிறுத்தினார்கள். மூன்றாவது ஆள் சொல்வதற்கு இடம் விட்டதுபோல அந்த மௌனங்கள் இருந்தன. அந்த மூன்றாவது குரலும் தனக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து குணலட்சுமி காதைப் பொத்திக்கொண்டாள்.

நிழல் சாய்ந்த பிறகு எஸ்தரம்மா வெளியே வந்தார். தனியாக வந்தார். நடை தளர்ந்திருந்தது. ஒரே பின்னேரத்தில் பத்து வயது கூடியவர்போல இருந்தார். சுமந்து வந்த எதையோ இறக்கி வைத்துவிட்டு, அது இல்லாமல் நடக்கத் தெரியாதவர்போலவும் இருந்தார்.

"வா, வண்டிக்காரன் காத்துக்கொண்டு நிப்பான்," என்றார்.

சிறிது தூரம் போனதும் குணலட்சுமி திரும்பினாள். மீனாம்பிகை படலையடியில் நின்றாள். ஒரு கை படலையைப் பிடித்திருந்தது. மற்றக் கை, தன்னிலும் சற்று உயரம் குறைந்த ஒருத்தியின் தோளை அணைத்ததுபோலக் காற்றில் வளைந்திருந்தது. அவள் இவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"திரும்பிப் பாக்காதை பிள்ளை," என்றார் எஸ்தரம்மா. "நட."